ஆழ்வாரும் சித்தரும் ஒருவர்தானா?

சென்னையிலிருந்து மேற்கே போனால் பூந்தமல்லி வரும். அதைத் தாண்டிச் சற்று தூரம் சென்றால் திருமழிசை. அங்கே ஜெகந்நாதப் பெருமாள் கோவில் இருக்கிறது.

திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் இது. 12 ஆழ்வார்களில் அவரும் ஒருவர்.

அவரைப் பற்றி நெடுங்காலமாக ஒரு சந்தேகம் உண்டு. சிவவாக்கியம் என்னும் சித்தர் பாடல்களைப் பாடியவரும் இவர்தானா? பெருமாளைப் பாடிய ஆழ்வாரும், கல்லைக் கும்பிடுவதால் பயன் இல்லை என்று பாடிய சித்தரும் ஒரே ஆளா?

ஆழ்வாரின் கதையைக் கேட்டால் இந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்பது விளங்கும்.

மூங்கில் புதரில் குழந்தை

பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் ஒரு குழந்தை பிறந்தது. கை, கால் இல்லாத பிண்டமாக இருந்தது. பெற்றவர்கள் அதை மூங்கில் புதரில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இறைவன் அருளால் அந்தப் பிண்டம் அழகிய குழந்தையாக மாறியது என்று வைணவ நூல்கள் கூறுகின்றன.

பிரம்பு வெட்ட வந்த திருவாளன் என்பவர் குழந்தையைக் கண்டார். வாரி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரும் அவர் மனைவி பங்கயச்செல்வியும் ஏழைகள். பிள்ளை இல்லாதவர்கள். கிடைத்த குழந்தையைக் கண்போல் காத்து வளர்த்தார்கள்.

குழந்தை யார் கொடுத்தும் பால் குடிக்கவில்லை. வயதான தம்பதி கொண்டுவந்த பாலை மட்டும் குடித்தது. மிச்சப் பாலை அந்தத் தம்பதி அருந்தினார்கள். முதுமையில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் பெயர் கணிகண்ணன். பின்னாளில் ஆழ்வாரின் சீடன் ஆனவன் அவன்தான்.

மதம் மதமாகத் தேடினார்

வளர்ந்ததும் உண்மையைத் தேடிப் புறப்பட்டார். சமணம் படித்தார். பௌத்தம் படித்தார். பிறகு சிவபக்தர் ஆனார். அந்தக் காலத்தில் அவருக்குச் சிவவாக்கியர் என்று பெயர் என ஒரு செய்தி வழங்கி வருகிறது.

சந்தேகத்தின் விதை இதுதான்!

ஒரு நாள் அவர் பேயாழ்வாரைச் சந்தித்தார். பேயாழ்வார் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏன் இந்த வீண் வேலை என்று கேட்டார். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. வாதம் நடந்தது. முடிவில் அவர் திருமாலின் அடியார் ஆனார்.

மன்னனை மறுத்த சீடன்

குருவும் சீடனும் காஞ்சிபுரத்தில் தங்கினார்கள். ஆழ்வார் அருளால் ஒரு கிழவி இளமை பெற்றாள். பல்லவ மன்னன் அவளை மணந்துகொண்டான். தனக்கும் இளமை வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். கணிகண்ணனை அழைத்துத் தன்னைப் பாடச் சொன்னான். கணிகண்ணன் மறுத்தான். ஊரைவிட்டுப் போகும்படி மன்னன் கட்டளையிட்டான்.

சீடன் புறப்பட்டான். ஆழ்வாரும் புறப்பட்டார். பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு தம்முடன் வரும்படி பெருமாளையும் கேட்டுக்கொண்டார். பெருமாளும் வந்துவிட்டார்! நகரம் பொலிவிழந்தது. மன்னன் வருந்தி அழைத்த பிறகே எல்லோரும் திரும்பினார்கள். காஞ்சி திருவெஃகா கோவிலில் உள்ள இறைவனுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் இதனால்தான் வந்தது.

எதிர் நீச்சல் போட்ட ஏடுகள்

ஆழ்வார் பிறகு குடந்தைக்குப் போனார். வழியில் பெரும்புலியூரில் சிலர் வேதம் ஓதிக்கொண்டிருந்தார்கள். இவரைத் தாழ்ந்தவர் என்று எண்ணி நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கும்போது விட்ட இடம் மறந்துபோயிற்று. ஆழ்வார் ஒரு கறுப்பு நெல்லை நகத்தால் பிளந்து காட்டினார். அந்தக் குறிப்பால் விட்ட இடம் நினைவுக்கு வந்தது. அவர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள்.

குடந்தையில் ஒரு நாள் தம் ஏடுகளை எல்லாம் காவிரியில் எறிந்தார். இரண்டு நூல்கள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்துத் திரும்பி வந்தன. ஒன்று 96 பாடல்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதி. மற்றொன்று 120 பாடல்கள் கொண்ட திருச்சந்த விருத்தம். மற்றவை ஆற்றோடு போய்விட்டன.

ஒருவரா? இருவரா?

ஒருவரே என்பவர்கள் காட்டும் காரணங்கள் பலமானவை. திருச்சந்த விருத்தத்தின் துள்ளும் சந்தம் சிவவாக்கியத்திலும் இருக்கிறது. சில பாடல்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்துள்ளன. சித்தரின் கதையிலும் மூங்கில் வருகிறது. தாம் நான்கு குலத்தில் எதிலும் பிறக்கவில்லை என்கிறார் ஆழ்வார். சாதி என்பதே பொய் என்கிறார் சித்தர்.

ஆனால் மறுப்பும் உண்டு. ஆழ்வார் கோவில் கோவிலாகப் பெருமாளைப் பாடினார். சித்தரோ கோவிலையும் குளத்தையும் ஏளனம் செய்தார். காலமும் பொருந்தவில்லை. நான்முகன் திருவந்தாதியில் குணபரன் என்ற சொல் வருகிறது. அது மகேந்திரவர்ம பல்லவனின் பட்டப்பெயர். இதை வைத்து ஆழ்வாரை 7-ஆம் நூற்றாண்டினர் என்பார்கள். சிவவாக்கியத்தின் தமிழோ மிகப் பிற்காலத்துத் தமிழ்.

அப்படியானால் பாடல்கள் ஒத்திருப்பது எப்படி?

ஆழ்வார் பாடல்களுக்குக் காவல் இருந்தது. நாதமுனிகள் தொகுத்தார். பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதினார். கோவில்களில் அவற்றை ஓதி வந்தார்கள். ஆகவே ஒரு பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. சித்தர் பாடலுக்கு அந்தக் காவல் இல்லை. அது வாய்க்கு வாய் பரவியது. பாடியவர்கள் தங்களுக்குப் பிடித்ததை எல்லாம் அதில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால்தான் பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண்ணிக்கை மாறுகிறது. ஒரே நூலில் சிவனும் வருகிறான், ராமனும் வருகிறான்!

ஆழ்வாரின் சந்தமும் இப்படியே மக்கள் வாய் வழியாகச் சித்தர் பாட்டுக்குள் புகுந்திருக்கலாம். ஆகவே இருவர் என்பதே பொருத்தம்.

ஆனாலும் மக்கள் இருவரையும் ஒருவராக எண்ணியதில் ஓர் உண்மை இருக்கிறது. பிறப்பால் மனிதனை அளக்காதே என்ற குரலை அவர்கள் இரண்டு இடத்திலும் கேட்டார்கள். பிரம்பு வெட்டியவர் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் குரல் அது. அந்தப் பிள்ளைக்குத் திருமழிசைக் கோவிலில் இன்றும் பூசை நடக்கிறது.