அறிஞர் டிண்டால்

மரக்காணத்து உப்பளங்களில் கோடைக்காலத்தே கடற்காற்று ஓயாது வீசும். பண்டை எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். அலை சிதறிய திவலைகள் காற்றில் உலர்ந்து, கண்ணுக்குப் புலனாகாத உப்புத்துகள்களாக எஞ்சும். பாத்தியில் உப்பு வாருவோரின் மூச்சோடு அவையும் உட்செல்கின்றன. உட்சென்ற துகள் என்னாகின்றது? இவ்வினாவிற்கு ஒளியைக்கொண்டு விடை கண்டவர் ஜான் டிண்டால்.

அவர் 1820ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் லெய்லின்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், காவலர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். இளமையிலேயே நில அளவைத் தொழில் புகுந்தார். ஈட்டியதைச் சேர்த்துவைத்து, இருபத்தெட்டாம் வயதில் செருமனி சென்று மார்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1853இல் இலண்டன் ராயல் நிலையத்தில் பேராசிரியரானார். ஆங்கே மைக்கேல் பாரடேயின் அன்பிற்கு உரியவரானார்.

கூரைப் பொத்தலின் வழியே வீழும் வெயிற்கதிரில் தூசி மிதத்தலை யாவரும் காண்பர். கண்டு வாளா இருப்பர். டிண்டால் அவ்வாறு இருந்தாரல்லர். இருட்டறையுள் வலிய ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தி, கண்ணாடிக் குழாயின் வழியே அதன்மீது மூச்சை விட்டார். மூச்சின் ஈரம் பனித்துத் தோன்றாதிருக்கக் குழாயை முன்னரே சூடேற்றியிருந்தார். மூச்சின் முற்பகுதி பட்டபோது தூசி முன்போலவே மினுங்கிற்று. மூச்சு முடியுந் தறுவாயிலோ, ஒளிக்கற்றையின் நடுவே துளை விழுந்தாற்போலக் காரிருள் தோன்றிற்று. நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்த காற்றில் ஒளியைச் சிதறச் செய்யத் துகளே இல்லை! உள்ளே சென்றவை உள்ளேயே தங்கிவிட்டன. பஞ்சின் ஊடாக இழுத்த மூச்சை விட்டபோது, தொடக்கமுதலே இருள் தோன்றிற்று. இவற்றை அவர் 1870இல் அவையோர்முன் விளக்கினார்.

பின்வந்தோர் இதனை மேலும் ஆராய்ந்தனர். பருந்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் மோதி ஒட்டும். சிறியவை மூச்சுச் சிறுகுழல்களில் தம் எடையால் படியும். மிக நுண்ணியவை அங்குமிங்கும் அலைந்து காற்றறைகளின் சுவரைச் சேரும். உப்புத்துகளின் இயல்போ வேறு. மழைக்காலத்துச் சாடியில் கசியும் உப்பைப்போல, அது மூச்சுவழியின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருக்கவே, அது தங்குமிடமும் மாறும்.

தீயணைப்போர் புகையால் மடிதல் கண்டு, டிண்டால் பஞ்சும் கரியும் கிளிசரினும் கொண்டு மூச்சுக்கவசம் ஒன்றை அமைத்தார். ஒரு மூச்சும் இழுக்கவொண்ணாப் புகையறையுள் தாமே அதனை அணிந்து நுழைந்து, அரைமணி நேரம் இருந்து சோதித்தார். செயலில் இறங்காத அறிவு அவருக்கு உவப்பளிக்கவில்லை போலும்.

உறக்கமின்மையால் நெடுங்காலம் வருந்திய அவர், 1893இல் மனைவியார் லூயிசா மருந்தினை மாற்றித் தந்துவிட்டமையால் உயிர் நீத்தார். கணவரின் வரலாற்றைத் தாமே எழுத விழைந்த அவ்வம்மையார், ஆண்டுக்கணக்கில் குறிப்புகள் திரட்டியும் எழுதி முடிக்காமலே 1940இல் மறைந்தார்.