கடைசியாக வந்தவருக்கு ஜப்பான் ஏன் கைதட்டியது? யார் இந்தக் கருணானந்தா?

1964 அக்டோபர் 14. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டம். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 விநாடியில் தங்கம் வாங்கிவிட்டார். மற்றவர்களும் ஓடி முடித்துவிட்டார்கள். ஆனா, 67ஆம் எண் அணிந்த ஒருத்தர் மட்டும் தனியாக ஓடிக்கொண்டே இருக்கிறார்.

யார் அவர்?

ரணதுங்க கருணானந்தா. இலங்கைக்காரர், அப்போது அந்த நாட்டின் பெயர் சிலோன். 1936இல் பிறந்தவர், ராணுவத்தில் இருந்தவர். அன்று சிலர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். இவருக்கும் அந்த வழி இருந்தது. ஆனால் விலகவில்லை.

முதலில் வேடிக்கையாகப் பார்த்த அரங்கம், அவர் அடுத்தடுத்த சுற்று ஓட ஓட, கைதட்ட ஆரம்பித்தது. 34 நிமிடம் 21.2 விநாடியில் அவர் எல்லைக்கோட்டைத் தொட்டபோது, தங்கம் வென்றவருக்குக் கிடைத்த மாதிரியே வரவேற்பு.

ஜப்பானியர்களை இது ஏன் தொட்டது?

அங்கே நெடுந்தூர ஓட்டம் என்றாலே 'எகிடென்' என்ற தொடர் ஓட்டம்தான் நினைவுக்கு வரும். தோளில் குறுக்காகப் போட்ட துணிப்பட்டையை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருத்தர் நின்றுவிட்டால் மொத்த அணியின் உழைப்பும் போச்சு. 1920இல் தொடங்கிய ஹகோனே எகிடெனில் ஓர் அணிக்கு 10 மாணவர்கள், 2 நாளில் 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறார்கள்.

அதைத் தொடங்கக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஷிசோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதியில் நின்றவர். 1967இல் சுவீடன் அவரை அழைத்து, அந்த ஓட்டத்தை முடிக்கவைத்தது. ஓட்டத்தை முடிப்பது அங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

அப்புறம் என்ன ஆச்சு?

1970களில் கருணானந்தாவின் கதை ஜப்பான் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வந்தது. தன் மகள் வளர்ந்ததும், அப்பா கடைசிவரை ஓடினார் என்று சொல்ல ஆசைப்பட்டார் என அந்தக் கதை அங்கே சொல்லப்படுகிறது. 1974இல் அவர் நீரில் மூழ்கி இறந்தார். வயது 38.

அடுத்த முறை மாரத்தானிலோ, உங்கள் ஊர்ப் பள்ளி விளையாட்டு விழாவிலோ யாராவது கடைசியாக ஓடி வந்தால், உடனே கிளம்பிடாதீங்க. அவர் முடிக்கிறவரை நின்று, கைதட்டிவிட்டுப் போங்க.