தரையில் போர் நடத்திய எச்.ஜி.வெல்ஸ்

விடுமுறை நாளில் நாலு பேர் அறையில் உட்கார்ந்து கேரம் ஆடுகிறோம். சிவப்புக் காய் குழியில் விழுகிறது. அதோடு சேர்ந்து ஸ்டிரைக்கரும் உள்ளே போய்விடுகிறது. சிவப்பு செல்லுமா, செல்லாதா? ஊருக்கு ஒரு சட்டம், தெருவுக்கு ஒரு சட்டம். திருநெல்வேலிக்காரர் ஒன்று சொல்வார், சேலத்துக்காரர் வேறு ஒன்று சொல்வார். ஆட்டம் நின்றுவிடும். சில சமயம் பேச்சும் நின்றுவிடும்.

இதே தகராறைத் தீர்ப்பதற்காக, உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஒருவர் தரையில் மண்டியிட்டு அமர்ந்து, அளவு நூலும் கடிகாரமுமாக ஆண்டுக்கணக்கில் மூளையைக் கசக்கினார் என்றால் நம்புவீர்களா?

அவர்தான் எச்.ஜி.வெல்ஸ். காலத்தில் முன்னும் பின்னும் போய் வரும் யந்திரத்தையும், செவ்வாய்க் கிரகத்தார் பூமி மீது படையெடுத்து வருவதையும் கற்பனை செய்து எழுதியவர். பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்குப் பொதுமக்கள் ஆடத்தக்க சட்டம் வகுத்துக் கொடுத்தவரும் அவரே. அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

துணிக்கடைப் பையன்

வெல்ஸ் 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி இங்கிலாந்தில் கென்ட் பகுதியைச் சேர்ந்த பிராம்லி என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் சிறு கடைக்காரர். பீங்கான் சாமான்களும், கிரிக்கெட் மட்டை, பந்துகளும் விற்றார். கடையில் வருமானம் குறைவு. கிரிக்கெட் ஆடிக் கிடைத்த பணம்தான் குடும்பத்துக்குக் கை கொடுத்தது. 1862-ல் கென்ட் அணிக்காக ஆடியபோது, சசெக்ஸ் அணியின் 4 விக்கெட்டுகளைத் தொடர்ந்து 4 பந்துகளில் வீழ்த்தியவர் அவர்.

1877-ல் அந்தத் தந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட் போயிற்று. குடும்பம் நொடித்தது. தாய் சாரா ஒரு பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாகியாக வேலைக்குப் போனார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள்.

வெல்ஸ் சிறு வயதிலேயே துணிக்கடையில் வேலை பழகச் சேர்க்கப்பட்டார். சவுத்சீ என்ற கடற்கரை ஊரில், நாளொன்றுக்குச் சுமார் 13 மணி நேரம் வேலை. இரவில் மற்றப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்கை. சொந்த ஊரை விட்டு வந்து, கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்த்து, பலரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள், 17 மைல் தூரம் நடந்தே தாயிடம் போனார். இந்த வேலை வேண்டாம் என்று மன்றாடினார். கடைசியில், 1883-ல் துணிக்கடையிலிருந்து விடுதலை கிடைத்தது. ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, தானும் படித்து, உதவித்தொகை பெற்றார். 1884-ல் லண்டன் விஞ்ஞானக் கல்லூரியில், புகழ் பெற்ற தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார்.

பிறகும் வாழ்க்கை சுகமாக இல்லை. ஆசிரியராக இருந்தபோது கால்பந்து ஆட்டத்தில் ஒருவன் முரட்டுத்தனமாக மோதியதில் சிறுநீரகம் நசுங்கியது. ரத்தம் கக்கினார். பிழைப்பதே கஷ்டம் என்று இருந்தது. படுத்த படுக்கையில் எழுத்துத்தான் துணை. 1895-ல் 'கால யந்திரம்' நாவல் வந்தது. அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு பீரங்கி செய்த வேலை

பணம் வந்ததும், கென்ட் கடற்கரையில் சாண்ட்கேட் என்ற ஊரில் வீடு கட்டிக் குடியேறினார். மனைவி கேதரின். அவரை ஜேன் என்று அழைப்பார். இரண்டு மகன்கள். மூத்தவன் ஜார்ஜ் பிலிப் 1901-ல் பிறந்தான். இளையவன் பிராங்க் 1903-ல் பிறந்தான்.

அந்த நாளில் பிரிட்டன்ஸ் என்ற கம்பெனி ஈயச் சிப்பாய்களைச் செய்து விற்று வந்தது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியும் விற்றது. அதில் ஓர் அங்குல நீளமுள்ள சிறு மரத்துண்டைப் போட்டுச் சுடலாம். 27 அடி தூரத்தில் நிற்கும் ஈயச் சிப்பாயைப் பத்துக்கு ஒன்பது முறை வீழ்த்தி விடலாம் என்று வெல்ஸ் பெருமையாக எழுதியிருக்கிறார்.

ஒரு நாள் விருந்துக்கு வந்த நண்பர், சாப்பாடு முடிந்ததும் அந்தப் பீரங்கியை எடுத்துத் தரையில் நின்ற சிப்பாயைச் சுட்டார். நண்பரின் பெயரை வெல்ஸ் தலைப்பெழுத்துகளால் மட்டுமே குறிக்கிறார். அவர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்று சொல்வார்கள். பதிலுக்கு வெல்ஸ் சுட்டார். போட்டி பிறந்தது. பெரிய பெரிய கலைக்களஞ்சியப் புத்தகங்கள் குன்றுகளாயின. மரக்கட்டைகள் வீடுகளாயின.

சண்டை தொடங்கியதும் சர்ச்சையும் தொடங்கியது.

சட்டத்தில் விழுந்த ஓட்டைகள்

முதலில் பீரங்கிதான் ராஜா. குறி பார்த்துக்கொண்டே ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார். எதிராளி கொட்டாவி விடுவார். அதற்கு ஒரு சட்டம் வந்தது. 30 சிப்பாய்களுக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு நிமிடம். அந்த நேரத்துக்குள் சுட வேண்டியதைச் சுட்டு, நகர்த்த வேண்டியதை நகர்த்திவிட வேண்டும். கடிகாரத்தோடு ஒருவர் உட்கார்ந்து நேரத்தைக் கூவுவார். அவசரத்தில் சில சிப்பாய்கள் பின்தங்கிப் போவார்கள். நிஜப் போரிலும் அப்படித்தானே நடக்கும் என்று வெல்ஸ் மகிழ்ந்தார்.

காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம். குதிரை வீரன் இரண்டு அடி. பீரங்கியைச் சுடவோ நகர்த்தவோ, சொந்தப் படையாட்கள் 4 பேராவது 6 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும்.

அடுத்த தலைவலி கைகலப்பு. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் ஒட்டி நின்றால் யார் செத்தார், யார் பிழைத்தார்? முதலில் காசைச் சுண்டிப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் சாவு என்றும் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அப்படி வைத்தால், நாலு பக்கமும் மாட்டிக்கொண்ட ஒரு சிறு கூட்டம்கூட, சாகும்போது அத்தனை எதிரிகளையும் கூடவே கொண்டு போய்விடும். நிஜத்தில் அப்படி மாட்டிக்கொண்டவன் கையைத் தூக்கிச் சரணடைவான் அல்லவா?

ஆகவே வெல்ஸ் ஒரு நுட்பமான விதி வகுத்தார். கைகலப்பில் சிறிய கூட்டம் எது என்று பார்க்க வேண்டும். அதற்கு உதவியாக, அதில் பாதிப் பேராவது ஒரு நகர்வுத் தூரத்தில் இல்லையென்றால், அது தனிமைப்பட்ட கூட்டம். 9 பேர் 11 பேரிடம் தனியாக மாட்டிக்கொண்டால், வித்தியாசமான 2 பேர் கைதிகள். மீதி 7 பேர் ஆளுக்கு ஒருவரைக் கொன்று தாமும் சாவார்கள். 11-ல் மிஞ்சுவது 4 பேர். அவர்கள் கையில் 2 கைதிகள். அதே 9 பேருக்கு அருகில் துணை இருந்தால் கதை வேறு. கைதி கிடையாது. 9 பேரும் 9 பேரைக் கொன்றுவிட்டுத்தான் சாவார்கள்.

எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதும் ஒரு சண்டை. ஒருவர் சிப்பாயின் காலிலிருந்து அளப்பார். மற்றவர் நீட்டிய துப்பாக்கி முனையிலிருந்து அளப்பார். கைகலப்பில் கலந்துகொள்ளும் 6 அங்குலத்தை ஆள், ஆயுதம், குதிரை எதன் எந்தப் புள்ளியிலிருந்தும் அளக்கலாம் என்று எழுதிவைத்து, அந்த வாயை அடைத்தார்.

எல்லாவற்றிலும் சிக்கலானது, பீரங்கி எப்போது பிடிபட்டது என்ற கேள்வி. பக்கத்தில் போய் நின்றுவிட்டால் போதுமா? போதாது என்றார் வெல்ஸ். தாக்க வந்தவர்களில் 4 பேராவது பீரங்கிச் சக்கரத்தின் அச்சைத் தாண்டி, வந்த திசையிலேயே முன்னேறியிருக்க வேண்டும். பீரங்கியின் சொந்தக்காரன் பக்கத்துச் சிப்பாய் ஒருவன்கூட 6 அங்குலத்துக்குள் இருக்கக்கூடாது. சுற்றிலும் ஒரு டஜன் பேர் நின்றாலும், கைக்கு எட்டாமல் ஒரே ஓர் எதிரி பீரங்கியின் வால் பக்கம் மிஞ்சியிருந்தால் அது பிடிபடவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும் நிலம் மாதிரி, அதை இரண்டு பேருமே பயன்படுத்த முடியாது.

நியாயத்துக்கும் வழி செய்தார். போர்க்களத்தை ஒருவர் அமைத்தால், எந்தப் பக்கம் வேண்டும் என்பதை மற்றவர் தேர்ந்தெடுக்கலாம். பண்டத்தைப் பங்கு போடுகிறவன் கடைசியில் எடுத்துக்கொள்வது என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அதே நீதி. படைகளை நிறுத்தும்போது நடுவில் திரை தொங்கும். திரையை விலக்கிய பிறகு மாற்றக் கூடாது.

ஜெனரல்களும் திணறினார்கள்

போர் விளையாட்டு அதற்கு முன் இல்லாமல் இல்லை. 1824-ல் ஜெர்மனியின் பிரஷ்ய நாட்டில், ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி படத்தை விரித்து வைத்து ஆடும் போர்ப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினார். அது ராணுவ அதிகாரிகளுக்கானது. பெரிய சட்டப் புத்தகம் வேண்டும். தீர்ப்புச் சொல்ல நடுவர் வேண்டும். சட்டம் கனத்துப் போனதால், 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்று மாற்றினார்.

வெல்ஸ் இரண்டுக்கும் நடுவே போனார். நடுவரின் தீர்ப்பை நம்பி இராமல், ஆடுகிற இரண்டு பேரே பார்த்து ஒப்புக்கொள்ளும்படி சில பக்கங்களில் சட்டத்தை முடித்தார். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்', அதாவது சின்னப் போர்கள் என்ற புத்தகம் வெளிவந்தது. அதிலுள்ள புகைப்படங்களை எடுத்தவர் மனைவி ஜேன்.

ராணுவ அதிகாரிகளும் அவருடன் ஆடினார்கள். கேப்டன் முதல் ஜெனரல் வரை எவரும், சாதாரண விதிகளிலேயே குழம்பித் திணறாமல் இருந்ததில்லை என்று வெல்ஸ் எழுதினார். வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் கசப்பு இருந்தது. ஈயப் பொம்மைகளை வைத்தே இவ்வளவு குளறுபடி செய்கிறவர்கள், உயிருள்ள மனிதர்களை நடத்தினால் என்ன ஆகும்? மூன்று நான்கு முறை சின்னப் போர் ஆடிப் பார்த்தால், பெரிய போர் எவ்வளவு மடத்தனம் என்று எவருக்கும் புரியும் என்பதே அந்தப் புத்தகத்தின் முடிவு.

அடுத்த ஆண்டே வந்தது

புத்தகம் வந்த அடுத்த ஆண்டு, 1914-ல், முதல் உலகப்போர் மூண்டது. லட்சக்கணக்கில் இளைஞர்கள் மடிந்தார்கள். அந்தக் களத்தில் திரையும் இல்லை, கடிகாரத்தோடு நேரம் கூவ ஆளும் இல்லை.

போர்களுக்கெல்லாம் இதுவே கடைசிப் போராக இருக்கும் என்று வெல்ஸ் அப்போது நம்பினார். அப்படியே எழுதினார். நம்பிக்கை பொய்த்தது. அந்தப் பழி அவரைக் கடைசி வரை தொடர்ந்தது. 1914-ல் அவர் எழுதிய இன்னொரு நாவலில் அணுகுண்டைக் கற்பனை செய்திருந்தார். 1945-ல் ஹிரோஷிமாவில் அது நிஜமாக விழுந்ததையும் அறிந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

குறையில்லாத மனிதர் அல்ல. குடும்ப வாழ்க்கையில் மனைவிக்குச் செய்த துரோகங்கள் ஊரறிந்தவை. ஆனால் ஒரு வேலையை மட்டும் அவர் விடவில்லை. தரையில் இரண்டு பேருக்குச் சட்டம் எழுதியவர், பிறகு நாடுகளுக்குப் பொதுவான சட்டம் வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். சர்வதேச சங்கத்துக்காகப் பிரசாரம் செய்தார். 1940-ல் மனித உரிமைகள் பற்றிப் புத்தகம் எழுதினார். 1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கு முன்னோடிகளில் அதையும் ஒன்றாகச் சொல்வார்கள். அதைக் காண அவர் இல்லை. 1946 ஆகஸ்டு 13-ந் தேதி லண்டனில் காலமானார்.

அவர் விதைத்த விளையாட்டு வளர்ந்தது. நடிகர் பீட்டர் குஷிங், அவருடைய சட்டப்படியே பொம்மைப் போர் ஆடுவதை 1956-ல் செய்திப்படமாக எடுத்தார்கள். இப்போது மேஜை மேல் ஆடும் சிறு படை விளையாட்டுகள் உலகெங்கும் ஏராளம். சட்டப் புத்தகங்களும் தடித்துவிட்டன. எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது, இவனுக்கு அவன் தெரிகிறானா என்ற தகராறுகள் மட்டும் மாறவில்லை. எழுதியதில் விடை கிடைக்காவிட்டால் பகடையை உருட்டித் தீர்த்துக்கொண்டு, ஆட்டத்தைத் தொடர்வார்கள்.

எவ்வளவு எழுதினாலும் சட்டத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கும். அதை அடைப்பது எதிரே உட்கார்ந்திருப்பவரின் நேர்மைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவப்புக் காய் விழுவதற்கு முன்பே சட்டத்தைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஆட்டமும் நிற்காது, சிநேகமும் முறியாது.