இளையபெருமாள்: வாக்குச்சாவடிக்குச் செல்லும் தெரு

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர் எல். இளையபெருமாள். பள்ளியில் தலித் மாணவர்களுக்கெனத் தனியே வைக்கப்பட்டிருந்த தண்ணீர்ப் பானையை உடைத்ததே அவரது முதல் போராட்டமாகச் சொல்லப்படுகிறது. தீண்டாமை எக்காலத்திலும் தூய்மையின் பெயரால்தான் தன்னை நியாயப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறது. அந்தப் பானையும் அதற்குச் சான்று.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தலில், 1952இல், கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் அவர் மக்களவைக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 27. 1957இல் சிதம்பரத்திலிருந்து மீண்டும் தேர்வானார்.

1965இல் மத்திய அரசு அவரது தலைமையில் அமைத்த குழு, தீண்டாமை நிலவும் விதத்தை நாடெங்கும் ஆராய்ந்து 1969இல் அறிக்கை தந்தது. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொள்ள வழியிருந்தது. ஊரே ஒரு பக்கம் நிற்கையில் சமரசம் என்பது மிரட்டலின் மறுபெயர். 1976இல் அச்சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகத் திருத்தப்பட்டபோது அந்த வழி அடைபட்டது. இதில் இளையபெருமாள் குழுவின் பங்கு பெரிது.

1980இல் எழும்பூர் சட்டமன்ற உறுப்பினரான அவர், பின்னர் காங்கிரசிலிருந்து விலகி மனித உரிமைக் கட்சியைக் கண்டார். பட்டியல் சாதியினரை வாக்களிக்கவிடாமல் மிரட்டுவது வன்கொடுமை என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. ஆயினும் 1999 மக்களவைத் தேர்தலில், அவர் உறுப்பினராக இருந்த அதே சிதம்பரம் தொகுதியில், தலித் மக்கள் தாக்கப்பட்டனர். பலர் வாக்களிக்கவிடாமல் தடுக்கப்பட்டனர். 2005இல் அவர் மறைந்தார்.

அவர் காணாத தேர்தல் ஒன்று 2021 ஏப்ரல் 6 அன்று பெருந்தொற்றுக்கு நடுவே நடந்தது. ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என வரம்பு வந்தது. கூடுதல் சாவடிகள் திறக்கப்பட்டன. தொற்றாளருக்கு இறுதி ஒரு மணிநேரம் ஒதுக்கப்பட்டது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அஞ்சல் வாக்கு வழங்கப்பட்டது. இவை தேவையான ஏற்பாடுகளே. ஆனால் இளையபெருமாளின் வாழ்வைப் படித்தவர்கள் மேலும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கூடுதல் சாவடி எந்தத் தெருவில் அமைகிறது? வீட்டில் பதிவாகும் வாக்கின் இரகசியம், நிலவுடைமையாளரை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கும் உறுதிப்படுகிறதா? கூட்டத்துக்கான தடை ஆளுங்கட்சிக்கும் சேரி இளைஞர்களுக்கும் ஒரே அளவில் பொருந்துகிறதா?

தொற்றுக் காலத்தில் நாம் கடைப்பிடிக்க வேண்டியது உடல் இடைவெளி. அதற்குச் சமூக இடைவெளி என்று பெயரிட்டது அரசு. சமூக இடைவெளியை ஒழிக்கத்தான் இளையபெருமாள் அறிக்கை எழுதினார். அடுத்த தொற்று வரும்போது, தேர்தல் விதிகளை வகுப்போர் மேசையில் அந்த அறிக்கையும் இருக்க வேண்டும்.