பழசும் போலியும்: எனேயா வீகோவின் கதை

1523-ல் இத்தாலியின் பார்மா நகரில் பிறந்தவர் எனேயா வீகோ. இளம் வயதிலேயே ரோமுக்குப் போனார். செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கீறி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பதுதான் அவர் தொழில்.

1543-ல், இருபது வயதில், அழகழகான ஜாடிப் படங்களை வெளியிட்டார். மனித முகங்கள், விலங்குகள், இலைக்கொடிகள் என்று உடல் முழுக்க அலங்காரம். ரோமில் கிடைத்த பழம்பொருள் என்று படத்திலேயே பொறித்தார். உண்மையில் அவற்றில் பல, பழைய பாணியில் அமைந்த புதுக் கற்பனைகள். பாத்திரம் செய்வோருக்கு அவை நல்ல மாதிரிகளாயின.

பிறகு ஃப்ளாரன்ஸில் கோசிமோ டி மெடிச்சியிடம் வேலை பார்த்தார். வெனிஸுக்கு மாறியபின் ரோமானிய நாணய ஆராய்ச்சியில் மூழ்கினார். 1555-ல் நாணயங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் போலிக் காசுகளைப் பற்றியும் வாங்குவோரை எச்சரித்தார். கற்பனை ஜாடியைப் பழசு என்று காட்டியவரே, பழசை உரசிப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்!

1563-ல் ஃபெராரா பிரபு இரண்டாம் அல்ஃபோன்சோவிடம் சேர்ந்தவர், 1567-ல் அங்கேயே காலமானார்.

அரிய பழம்பொருள் என்று யாராவது உங்கள் வீட்டு வாசலில் விலை பேசினால், பணத்தை எடுக்கும் முன் வீகோவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.