மணலூர் மணியம்மாள்

காலை வேளையில் மண்ணூர்பேட்டை வீதிகளினூடே, கையில் சோற்றுப் பாத்திரத்துடன் அம்பத்தூர் தொழிற்பேட்டையை நோக்கி விரையும் ஸ்திரீகளைக் காணுந்தோறும், கீழத்தஞ்சை மாதரசி ஒருவரின் சரித்திரம் நம் நினைவுக்கு வருகின்றது. சங்கத்தில் பெண்டிருக்கு வேலையென்ன என்று வினவும் தேசபக்தர்கள் அதனை அறிந்துகொள்வது அவசியம்.

1910-ல் பிராமண குலத்திற் பிறந்த வாலாம்பாள், இளம் பிராயத்திலேயே, வயதில் மிகவும் மூத்த நாகப்பட்டினத்து வக்கீல் ஒருவருக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு, முப்பது வயது நிரம்புமுன் விதவையானார். மணலூரில் மூலையில் அமர்ந்திருப்பாரென்று எண்ணியோர் ஏமாந்தனர். அவர் கதர் உடுத்திக் காங்கிரஸ் தொண்டில் இறங்கினார். பண்ணையையும் தாமே மேற்பார்த்தார். சிலம்பம் பயின்றார். பின்னாளில் கூந்தலைக் கத்தரித்து, வேஷ்டியும் சட்டையுமே தரித்தார். உறவினர் விலகினர், சேரியின் கதவுகள் திறந்தன.

அக்காலத்தில் தஞ்சைப் பண்ணையாள் பெயரளவில்தான் சுதந்திரன். குற்றத்துக்குச் சவுக்கடி, அதுவும் போதாதென்று சாணிப்பால். இவ்வழக்கத்திற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இடமில்லை என்பதை வக்கீலாகிய நாம் அறிவோம். ஆயினும் எந்த நீதிமன்றமும் அதனை நிறுத்தவில்லை. அதனை நிறுத்தியது 1943 முதல் அங்கே வேரூன்றிய விவசாயிகள் சங்கமே. பி. சீனிவாசராவ் முதலியோருடன் அம்மையாரும் அதில் உழைத்தார். அவர் காங்கிரஸைத் துறந்து கம்யூனிஸ்ட்டுகளுடன் சேர்ந்தாரே என்று நம்மவர் வருந்துவதுண்டு. மிராசுதார்களை முன்வரிசையில் அமர்த்திக்கொண்டு, பண்ணையாளின் குறையைக் கேட்கச் சொல்லும் சபையில் அவர் எங்ஙனம் இருப்பார்? பிழை நம்முடையதே.

நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்டிர் தொழில். ஆற்றில் நீர் வந்தபின் நடவுக்குக் காலம் சொற்பம். அப்போது அவர்கள் கரையேறி நின்றுவிட்டால், ஆயிரம் வேலி உடைய மிராசுதாரும் இறங்கி வந்தாக வேண்டும். பெண்களில்லாத சங்கம் பாதிச் சங்கமுமன்று என்பதன் கணக்கு இதுவே. வயலோரத்திலும் சேரியிலும் அம்மையார் அவர்களைத் திரட்டினார். கட்சிக்குத் தடை வந்த காலத்தில் சிறைவாசமும் கண்டார்.

1952-ல் ராஜாஜி அரசாங்கம் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது; குத்தகைதாரனுக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கு கிட்டிற்று. மறுவருஷமே, பூந்தாழங்குடியில் மானொன்று கொம்பால் முட்டியதில் அம்மையார் உயிர்துறந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்னும் சட்டம் 1976-ல்தான் வந்தது.