அவைக்கு வெளியே வந்து சொன்ன டி.ஆர். சீனிவாசகம்

ஈப்போவுக்குச் சுற்றுலா போனவர்களில் பலர் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவைப் பார்த்திருப்பார்கள். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். போர்ட் கிள்ளானிலும் கிள்ளானிலும் வளர்ந்த நம் தலைமுறையிடம் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், பலருக்கும் உடனே பதில் வராது. ஆனால், நாடாளுமன்றத்தில் யாராவது பரபரப்பாக ஒரு குற்றச்சாட்டைச் சொல்லும்போதெல்லாம், இதை வெளியே வந்து சொல்ல முடியுமா என்ற சவால் எழுகிறதே, அந்தச் சவாலை ஏற்று உண்மையிலேயே வெளியே வந்து சொன்னவர் அவர்.

தர்மராஜா சீனிவாசகம் 1921இல் பிறந்தவர். தொழிலால் வழக்கறிஞர். அவருடைய சகோதரர் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞர்தான். 1953இல் பேராக்கில் தோன்றிய முற்போக்குக் கட்சியை மக்கள் முற்போக்குக் கட்சியாக (பி.பி.பி.) வளர்த்தவர்கள் இந்தச் சகோதரர்கள். தமிழர்களான இவர்களுக்குச் சீன வாக்காளர்கள் அதிகமாக வாழ்ந்த ஈப்போ வட்டாரம் பல ஆண்டுகள் ஆதரவளித்தது. இனத்தைப் பார்த்து மட்டுமே மக்கள் ஓட்டுப் போடுவார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1955 தேர்தலில் மொத்தம் 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. எதிர்க்கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டின் இறுதியில் ஈப்போ-மெங்களெம்பு தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்று டி.ஆர். அவைக்குள் நுழைந்தார். 1959 பொதுத்தேர்தலில் 104 இடங்கள் கொண்ட மக்களவையில் பி.பி.பி.க்கு 4 இடங்கள் கிடைத்தன. 1964இல் அது இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டு இடங்களில் இருந்தவர்கள் அண்ணன் தம்பி இருவரும்தான். எண்ணிக்கையில் சிறிய கட்சி என்றாலும், டி.ஆர். பேச எழுந்தால் அமைச்சர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சட்டத்தைப் புரிந்துகொள்வோம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றத்துக்குள் பேசிய பேச்சுக்காக ஓர் உறுப்பினர்மீது நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. இந்தப் பாதுகாப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அது எளிதில் கிடைத்துவிடவில்லை. 1621இல் பிரபுக்கள் அவையில் அருண்டல் பிரபு, ஸ்பென்சர் பிரபுவின் முன்னோர் ஆடு மேய்த்தவர்கள் என்று இழிவாகப் பேசினார். அருண்டலின் முன்னோர் அப்போது அரசத் துரோகச் சதியில் இருந்தார்கள் என்று ஸ்பென்சர் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க மறுத்த அருண்டலை அவையே லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பியது. மானப் பிரச்சினைக்கு வாளைத் தூக்கிய காலத்தில், அதை அவையே விசாரித்து முடித்தது. அரசரை எதிர்த்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். 1629இல் கைதான சர் ஜான் எலியட், 1632இல் அதே கோபுரத்தில் சிறைக் கைதியாகவே இறந்தார். அவைக்குள் பேசும் சுதந்திரத்தை வேறெந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்பது 1689இல்தான் அங்கே சட்டமாக எழுதப்பட்டது.

இப்படிப் பலர் துன்பப்பட்டுப் பெற்றுத்தந்த கேடயத்தைத்தான் டி.ஆர். ஒரு நாள் கீழே வைத்தார். 1960களின் நடுப்பகுதியில், கல்வியமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப்மீது மக்களவையில் அவர் ஊழல் குற்றம் சாட்டினார். பாதுகாப்பு இல்லாத இடத்தில் அதைச் சொல்லிப் பார்க்கட்டும் என்று அமைச்சர் சவால் விட்டார். டி.ஆர். வெளியே வந்து அதையே பொதுமக்கள் முன்னிலையில் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார்.

இதிலுள்ள ஆபத்தை எண்ணிப் பாருங்கள். அவதூறு வழக்கில், தான் சொன்னது உண்மை என்று வாதிடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஊரில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. தோற்றால் பெரும் இழப்பீடு கட்ட நேரிடலாம். கட்ட முடியாமல் திவாலானால், திவாலானவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியில்லை என்கிறது அதே அரசியலமைப்பு. பணம், பதவி, பெயர் மூன்றையும் பணயம் வைத்துத்தான் டி.ஆர். நீதிமன்றப் படியேறினார்.

அமைச்சர் அந்த வழக்கில் தோற்றார். மேல்முறையீடும் கைகொடுக்கவில்லை. அவர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். வழக்கில் தோற்றதும் விலகியது அந்தக் காலத்து அரசியல் நாகரிகம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலாயா சட்ட இதழின் 1965ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்த வழக்கின் தீர்ப்பு பதிவாகியிருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் நூலகத்தில் தேடிப் படிக்கலாம்.

1969 மார்ச் மாதத்தில் டி.ஆர். காலமானார். வயது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. இரண்டு மாதம் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் பி.பி.பி. மீண்டும் 4 நாடாளுமன்ற இடங்களைப் பிடித்தது. அந்த வெற்றியைப் பார்க்க அவர் இல்லை. 1974இல் கட்சி தேசிய முன்னணியில் சேர்ந்தது. அவர் நம்பியிருந்த அந்தக் கேடயமும் பிறகு சற்றுச் சிறிதானது. 1971இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவைக்குள் பேசினாலும் தேச நிந்தனைச் சட்டத்திலிருந்து உறுப்பினர் தப்ப முடியாது.

இன்று நம் கையிலும் ஒரு மேடை இருக்கிறது. கைப்பேசியில் ஒருவர்மீது ஊழல் பழி போட ஒரு நிமிடம் போதும். பொய்க் கணக்கில் ஒளிந்துகொண்டும் போடலாம். டி.ஆர். தன் பெயரில் சொன்னார், ஆதாரத்தை வைத்துக்கொண்டு சொன்னார், பாதுகாப்பு இல்லாத இடத்தில் நின்று பதிலும் சொன்னார். ஒரு பதிவைப் பகிர்வதற்கு முன், இதை நீதிமன்றத்தில் என் பெயரில் சொல்வேனா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், அவர் வாழ்க்கையிலிருந்து நாம் ஒன்றையாவது கற்றிருக்கிறோம் என்று பொருள்.